முப்பத்தொன்றாம் எண் பனியன்

அந்த ஆய்வுக்கூடத்தில் மூக்கை நம்பிப் பிழைத்தவர்கள் பலர். மோந்து பார்ப்பவர்கள், மோந்ததை எழுதி வாங்குபவர்கள், எழுதியதைக் கூட்டிக் கழித்துப் பட்டம் வாங்குபவர்கள். மூக்குக்கு வேலையே இல்லாமல் செய்வதற்கென்று சம்பளம் வாங்கியவள் மட்டும் ஒருத்திதான். எல்லோரும் அவளைச் சலவையம்மா என்பார்கள்.

பல்கலைக்கழகத்தின் பின்கட்டு, மூன்றாவது மாடி, உளவியல் துறை. மனிதர்கள் யாரைப் பார்த்து மயங்குகிறார்கள், ஏன் மயங்குகிறார்கள் என்று அங்கே ஒரு கூட்டமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. முன் அறையில் முகங்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முகமாக வரும், பார்ப்பவர்கள் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடவேண்டும். பின் அறையில் வாசனை. முன் அறைக்காக முகத்தைப் படம் எடுத்தபின், ஆண்களுக்கு வெள்ளைப் பருத்திப் பனியன் ஒன்று கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்கிவிட்டு, அப்படியே பையில் போட்டு மூடித் திருப்பித் தரவேண்டும். பெண்கள் வந்து பையைத் திறந்து மோந்து, அதே ஒன்று முதல் ஏழுக்குள் மதிப்பெண் போடுவார்கள். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சலவையம்மாவும் முதல் வாரம் முழுக்கச் சிரித்தாள்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் வேலை கடுமையானது. பனியனை ஆணிடம் கொடுக்கும்போது அதில் ஒரு துளி வாசனை இருக்கக்கூடாது. கடைச் சரக்கின் கஞ்சி வாசனை, அட்டைப்பெட்டி வாசனை, சோப்பு வாசனை எதுவும் ஆகாது. வாசனை போடாத சோப்பு, சோடா உப்பு, சுடுதண்ணீர், மூன்று அலசல். மூடிய அறையில் காயவைக்கவேண்டும், வெளியில் போட்டால் சமையல் புகை ஒட்டும். கடைசியில் அவள் அதை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, "ம்" என்றால்தான் பனியன் பாஸ். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் அந்த "ம்"முக்காக வாசலில் காத்திருப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, பன்னிரண்டு வருஷத்தில் அவள் மூக்கு ஒருதடவைகூடத் தவறியதில்லை. அதற்கு முன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷம் இருந்தவள். சுத்தம் என்றால் என்ன என்று அவளிடம் யாரும் பாடம் எடுக்க முடியாது. மூக்குக்கு மேல் கோபமும் வரும்.

ஆய்வுக்குத் தலைவி ஒரு பேராசிரியை. சலவையம்மாவுக்கு அவர் டாக்டரம்மா. ஒருநாள் டீ குடிக்கும்போது டாக்டரம்மா விளக்கினார்.

"நோயைத் தாங்குற சக்தி ஆளுக்கு ஆள் வேற வேற சலவையம்மா. அது உடம்பு வாசனையில கொஞ்சம் தெரியுதுன்னு ஒரு எண்ணம். நம்மகிட்ட இல்லாத சக்தி எவன்கிட்ட இருக்கோ, அவன் வாசனை நமக்குப் பிடிக்குமாம். பிறக்கற பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து கிடைக்கும்ல?"

"முகத்துக்கு?"

"முகம் ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்தா, வளரும்போது பெரிசா நோய்நொடி வரலைன்னு அர்த்தமா இருக்கலாம். அதனால அது அழகாத் தெரியுதுன்னு சொல்றாங்க. எல்லாம் லட்சக்கணக்கான வருஷமா உடம்பு போடற கணக்கு. இன்னும் சண்டை தீரலை, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"அப்போ நாம ஆளைப் பார்த்து மயங்கலையா?"

"மயங்கறோம். ஏன்னு நம்மகிட்ட உடம்பு சொல்றதில்லை, அவ்வளவுதான்."

சலவையம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். அவள் வீட்டுக்காரரின் முகத்தில் எந்தக் கணக்கும் சரியாக வரவில்லை. அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். இளவயதில் மெஷினின் கைப்பிடி அடித்து மூக்கு இடப்பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது. ஒரு காது தலையோடு ஒட்டியிருக்கும், இன்னொன்று கப்பின் பிடி மாதிரி வெளியே நிற்கும். ஆஸ்பத்திரிக்கு அச்சடித்த மருந்துச் சீட்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தாள். கூட இருந்தவளிடம், "மூக்கும் முழியுமா இருக்கணும்பாங்க, இந்தாளுக்கு மூக்கு ஒரு ஊர்ல முழி ஒரு ஊர்ல இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டாள். கூட இருந்தவள் ஏனென்று கேட்டாள், அம்மா கேட்டாள், அக்காமார் மூன்று பேரும் கேட்டார்கள். அவளுக்கே பதில் தெரியவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றால் அங்கேயே நின்றுகொண்டிருக்கத் தோன்றியது. அதை எப்படி வெளியில் சொல்வது?

ஆறு வருஷத்துக்கு முன் டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் தேவைப்பட்டார்கள். மாணவர்கள் எல்லாம் இளவட்டம். சலவையம்மா வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னாள். மெஷின்காரர் உடனே கிளம்பிவிட்டார்.

"சும்மா ஒரு பனியன் கிடைக்குது, கூடவே இருபத்தாறு பொண்ணுங்க மோந்து பார்க்கறாங்க. எவன் விடுவான்?"

"பையைத் திறந்ததும் ஓடிடுவாங்க. எனக்குத்தான் மானக்கேடு."

அவளுக்கு உண்மையிலேயே மானத்தைப் பற்றிய பயம் இருந்தது. சலவையம்மாவின் புருஷன் விதியை மீறினான் என்று ஒருத்தர் சொல்லிவிடக்கூடாது. விதிகள் ஒன்றிரண்டு அல்ல. சிகரெட் கூடாது, பூண்டு வெங்காயம் கூடாது, வாசனைச் சோப்பு, தலை எண்ணெய், பவுடர் கூடாது, தனியாகப் படுக்கவேண்டும். அவள் அதற்கு மேலும் போனாள். இரண்டு நாள் முன்பே அச்சகத்துக்கு லீவு போடச் சொன்னாள். அவர் நகக்கண்ணில் இருபது வருஷமாகக் குடியிருந்த மையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அந்த மண்ணெண்ணெய் போக வாசனையில்லாச் சோப்பு போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாள். முதுகு, கழுத்து, காதுமடல் என்று ஒன்று விடவில்லை. சிகரெட்டுப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரே ஒரு இழுப்பு. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கிட்டு இழுக்கறேன்."

"டாக்டரம்மா முன்னாடி நான் தலை குனியணுமா?"

"அவங்க என்ன ஜன்னல்லயா உட்கார்ந்திருக்காங்க?"

"நான் இருக்கேன்ல?"

படுக்கும் நேரத்தில் அவர் தலையணையைக் கையில் பிடித்தபடி அறை வாசலில் வந்து நின்றார், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி. "இத்தனை வருஷத்துல முதல் தடவையாத் தள்ளிவைக்கறே" என்றார். "கிட்ட வராதீங்க, என் வாசனை ஒட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். கூடத்துத் தரையில் அவர் புரண்டு புரண்டு படுப்பது உள்ளே கேட்டது. அவளுக்கும் தூக்கம் வரவில்லை. இருந்தாலும் கதவைத் திறக்கவில்லை, கறார் என்றால் கறார்தான்.

ஒரு மாதம் கழித்து முடிவுகளைச் சுவரில் ஒட்டினார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மெஷின்காரர் தன் எண் முப்பத்தொன்று என்று வந்தன்றே தம்பட்டம் அடித்திருந்ததால் அவளுக்குத் தெரியும். முகத்தில் முப்பத்தொன்றுக்குக் கடைசிக்கு முந்தின இடம். வாசனையில் முதலிடம். சலவையம்மா தாளின் முன் நின்று இரண்டு மூன்று தடவை விரலை வைத்துப் பார்த்தாள். வரி மாறவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் அட்டகாசம் தாங்கவில்லை. வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுவார். யாரது என்றால், "முப்பத்தொண்ணு வந்திருக்கேன்" என்பார். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அவள் ஒத்துக்கொண்டால், "பரவாயில்லை, முதல் மார்க் ஆளைக் கட்டிக்கிட்டவதானே, ஆயிரம் வேலை இருக்கும்" என்பார். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "அப்பா, வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

முன் அறையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி அவர் படத்தை வைத்து விளையாட்டாக ஒன்று செய்தாள். முகத்தின் வலப் பாதியை எடுத்து, அதையே திருப்பி இடப் பக்கத்திலும் ஒட்டி, ஒரே அளவான முகமாக்கி அச்செடுத்துக் கொடுத்தாள். நேரான மூக்கு, இரண்டு பக்கமும் ஒட்டிய காது. சலவையம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இவனை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"ஆளு நல்லாத்தான் இருக்கான். ஆனா இவனோட குடித்தனம் பண்ண முடியாது."

அன்று அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வருஷம் அது வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி இருந்தது. ஆறாவது வருஷம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது.

பதினொரு நாள். நான்காம் நாள் ஆஸ்பத்திரி டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கொஞ்சம் தேறிட்டு வர்றாரு. வீட்டுக்கு அனுப்பினாலும் தூசு, புகை, வாசனை எதுவும் அவருக்கு ஆகாது. வீட்டைச் சுத்தமா வைங்க." இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் தரையைத் துடைத்து, திரையை மாற்றியிருப்பார்கள். அவர் சொன்னது சலவையம்மாவிடம்.

அவள் மூன்று நாள், பகலெல்லாம் துவைத்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து வாசனையில்லாச் சோப்பை டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தாள். அலமாரியில் இருந்த சட்டை, கொடியில் தொங்கிய சட்டை, ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை. போர்வை, தலையணை உறை, துண்டு, குளிர்காலக் கோட்டு, கம்பளித் தொப்பி. அச்சகத்துக்குப் போட்டுப்போகும், மை இறுகித் தகரமாய் நின்ற காக்கிச் சட்டையைக்கூட விடவில்லை. பழைய தலையணைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாள். ஒவ்வொன்றையும் காய்ந்ததும் மூக்கில் வைத்துப் பார்த்தாள். "ம்" என்றாள். அவர் வந்து படுத்தால் ஒரு இருமல்கூட வரக்கூடாது. உடம்பு முறிந்துபோயிற்று, ஆனால் மனசு லேசாக இருந்தது. அவருக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவர் வரவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, மகள் அலமாரியைத் திறந்தாள். வெளியூரில் வேலை பார்ப்பவள், ஆறு மணி நேரப் பயணம். கடைசி இரண்டு நாள் அப்பா பக்கத்தில் இருந்தாள். அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்தவள் அப்படியே நின்றாள். இன்னொரு சட்டையை உருவினாள். இன்னொன்று. கட்டிலுக்குப் போய்ப் போர்வையை எடுத்தாள், தலையணையை எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணுமே இல்லியேம்மா."

"எதும்மா?"

"அப்பா."

சலவையம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"எல்லாத்தையுமா துவைச்சே? ஒண்ணுகூடவா விடலை? உன் ஆஃபீஸ் சோப்பு போட்டா?"

"வீட்டுக்கு வருவாருன்னு நினைச்சேன்டி."

"வேற யார் வீடா இருந்தாலும் ஒரு அழுக்குத் துணியாவது மிஞ்சியிருக்கும்மா" என்றாள் மகள். கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். மறுநாள் கிளம்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஃபோன் வரும், சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, வெச்சிடறேன். அவ்வளவுதான்.

சலவையம்மா வேலைக்குத் திரும்பினாள். நான்கு மாதம் ஓடியது. அவருடைய செருப்பு, சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று வீட்டில் ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்துத் தோற்றாள். சிகரெட் கடையைத் தாண்டும்போது புகை வந்தால் நிற்பாள். அது சிகரெட்டாகத்தான் இருந்தது. அச்சகத்து வாசலில் ஒருநாள் போய் நின்றாள். அது மையாகத்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்தாலும் அவர் வரவில்லை. ஒரு மனுஷனைத் தன் கையால் இரண்டாம் தடவை அனுப்பிவைத்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. அதைச் சொல்லி அழ ஆளில்லை, மகளிடம் சொல்ல வாயில்லை.

ஒருநாள் புதுப் பைகளை அடுக்க இடம் தேடி, ஃப்ரீசரின் அடித்தட்டை இழுத்தாள். பழைய ஆய்வில் மோந்து முடிந்ததும், பின்னால் சரிபார்க்கத் தேவைப்படும் என்று உறையவைத்த பைகள், பனி படிந்து கிடந்தன. ஒன்றின் மேல் பனியைத் துடைத்தாள். அவள் கையெழுத்துதான். முப்பத்தொன்று.

தட்டை உள்ளே தள்ளி மூடிவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. விதி தெரிந்தவள் அவள். பை ஆய்வுக்குச் சொந்தம். கொடுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியக்கூடாது. உறைந்ததை ஒருதடவை இளக்கினால் மறுபடி உறையவைக்க முடியாது. எட்டாம் நாள் டாக்டரம்மா அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சட்டைகளைத் துவைத்தது, மகள் அலமாரியில் முகம் புதைத்தது, எல்லாம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்த ஆய்வு முடிஞ்சு கட்டுரையும் வந்தாச்சு சலவையம்மா. எடுத்துக்கோங்க. ஆனா திறந்தா ஒரு நாள்தான் தாங்கும். உங்களுக்கே தெரியும்."

அவள் மகளுக்கு ஃபோன் செய்தாள். பை கிடைத்ததைச் சொன்னாள்.

"இருக்கும்னு நினைக்கறியாம்மா?"

"தெரியலைம்மா. ஆறு வருஷம் ஆச்சு."

"நீ முதல்ல பாரு. நான் அங்க வந்து, அதுலயும் இல்லைன்னா... இன்னொரு தடவை என்னால முடியாதும்மா. இருந்தா ஃபோன் பண்ணு. அந்த நிமிஷமே கிளம்பறேன்." பிறகு குரல் இறங்கி, "அம்மா, பையைத் திறந்தே வெச்சுடாதே. எனக்கும் கொஞ்சம் விட்டுவை" என்றாள். நான்கு மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பையை எடுத்து மோப்ப அறையில் வைத்தாள். சின்ன அறை, ஜன்னல் கிடையாது, ஒரு மேசை, ஒரு நாற்காலி. பனியன் இளக ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எந்தப் பை திறந்தாலும் ஒரு ஃபாரம் நிரப்பவேண்டும் என்பது ஆய்வுக்கூடத்து வழக்கம். டாக்டரம்மா, "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார். "எல்லாருக்கும் உண்டுன்னா எனக்கும் உண்டு" என்று ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.

பையைத் திறந்தாள். பனியனை இரண்டு கையாலும் எடுத்து முகத்தில் வைத்தாள்.

சிகரெட் இல்லை. மை இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. காலையில் தலையில் தேய்த்துக்கொள்ளும் எண்ணெய் இல்லை, மீசைக்குள் எப்போதும் இருக்கும் டீ இல்லை. ஏதோ ஒன்று இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. மெல்லிசாக, சுத்தமாக, யாரோ ஓர் ஆண். பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்றால் தொந்தரவு இல்லாதவர் என்று நினைக்கத் தோன்றும், அவ்வளவுதான்.

விதிப்படி மூன்று மூச்சு இழுத்தாள். வெளியே போய் நடையில் ஐந்து நிமிஷம் நின்று மூக்கை ஆற்றிக்கொண்டாள். திரும்பி வந்தாள். கழுத்துப் பட்டையில் பார்த்தாள், அக்குளில் பார்த்தாள், முதுகில் பார்த்தாள். மறுபடி வெளியே போனாள், மறுபடி வந்தாள். அதே யாரோதான்.

ஃபாரத்தின் கடைசிக் கேள்வி இதுதான்: இந்த வாசனை உங்களுக்குத் தெரிந்த யாரையாவது நினைவுபடுத்துகிறதா? ஆம். இல்லை. ஆம் எனில், யாரை?

பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பொய் எழுத ஒரு நொடி ஆகாது. யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்தக் கூடத்தில் அவள் பொய் எழுதியதில்லை. இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டாள்.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆறு வருஷம் இல்லையா, கொஞ்சம் போயிருக்கும்" என்றார்.

"ஃப்ரீசர் மேல பழி போடாதீங்க டாக்டரம்மா. அது சரியாத்தான் வெச்சிருக்கு." ஃபாரத்தை வாங்கி மேசையில் வைத்தாள். "நான்தான். பனியனை மட்டும் துவைக்கலை, ஆளையே துவைச்சு அனுப்பிச்சேன். ஒரே ஒரு இழுப்புன்னு கெஞ்சினாரு. அதைக்கூட விடலை."

"சலவையம்மா..."

"இருபத்தாறு பொண்ணுங்க இதை மோந்துட்டு முதல் மார்க் போட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இருபத்தொன்பது வருஷம் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியலை."

வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டரம்மா. மகள் ஒருதடவை பார்க்கட்டுமே என்றார். சலவையம்மாவும் அதை நினைக்காமல் இல்லை. ஆனால் மகள் ஆறு மணி நேரம் பயணம் செய்து வந்து, இதில் முகத்தைப் புதைத்து, தலையை நிமிர்த்தி, "இது அப்பா இல்லைம்மா" என்று சொல்வதை நினைத்துப் பார்த்தாள். அலமாரி முன்னால் நின்ற அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. "வேண்டாம். யார் சட்டையையோ நான் வீட்டுக்கு எதுக்குக் கொண்டுபோகணும்?" என்றாள். பேச்சில் கோபம் இருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இளக்கித் திறந்த பனியனை அன்றைக்கே துவைத்துவிடவேண்டும். சலவை அறைக்குப் போனாள். தொட்டியில் சுடுதண்ணீரைத் திறந்தாள், சோப்பைக் கரைத்தாள், சோடா உப்பு ஒரு கரண்டி. கை பாட்டுக்கு வேலையைச் செய்தது. மனசு மகளுக்கு என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தது. பனியனைத் தண்ணீரில் போட்டு அமுக்கினாள்.

ஆவி மேலே வந்தது.

அவர் வந்துவிட்டார்.

காய்ச்சல் விட்டு, வேர்த்து, விடியற்காலையில் அவள் கழுத்தில் முகம் வைத்துத் தூங்குவாரே, அந்த வாசனை. புகைக்கும் மைக்கும் எண்ணெய்க்கும் அடியில் எப்போதும் இருந்தது, ஒரு நாளும் தனியாக முகர்ந்து பாராதது. முழுசாக, சூடாக, ஈரமாக, பக்கத்தில் வந்து நின்றார். "ஏங்க" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டாள்.

அடுத்த நொடி பனியனைத் தண்ணீரிலிருந்து பிடுங்கினாள். நுரையோடு, கொதிக்கக் கொதிக்க முகத்தில் வைத்து அழுத்தினாள். சோப்பு. எந்த வாசனையும் இல்லாத, அவளே பார்த்துப் பார்த்து வாங்கிவைத்த சோப்பு. தொட்டிமேல் குனிந்து ஆவியை இழுத்தாள். வெறும் சுடுதண்ணீர். பனியனைத் திருப்பிப்போட்டு, கழுத்தில், அக்குளில், முதுகில் தேடினாள். அவள் வேலை எப்போதும் போல் சுத்தமாக நடந்திருந்தது.

சேலையெல்லாம் தண்ணீர் சொட்ட டாக்டரம்மா அறைக்கு ஓடினாள்.

"டாக்டரம்மா, அந்த ஃபாரத்தைக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்."

டாக்டரம்மா அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எடுத்துக் கொடுத்தார். ஈரக் கை பட்டு மை கலைந்தது. கோட்டை அடித்துவிட்டு, ஆம் என்று எழுதினாள். யாரை என்பதற்குப் பக்கத்தில், என் வீட்டுக்காரர் என்று எழுதினாள்.

அப்போது ஃபோன் அடித்தது. மகள்தான், பொறுக்க முடியாமல் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"அம்மா? பார்த்தியா? இருக்கா?"

"அப்பாதாம்மா" என்றாள் சலவையம்மா. "அப்பாவேதான். நான் துவைச்சுட்டேன்."

திட்டட்டும் என்று காத்திருந்தாள். ஃபோனை வைத்துவிடுவாளோ என்று காத்திருந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மகள், சின்ன வயதில் கதை கேட்கும் குரலில், "எப்படிம்மா இருந்துச்சு? சொல்லு" என்றாள்.

சலவையம்மா வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷம் மோந்தவர்கள் எழுதிய எல்லா வார்த்தைகளும் அவளுக்குத் தெரியும். இனிப்பு, புளிப்பு, மண், மரம், பால். ஒன்றுகூட அவருடையதாக இல்லை.

"சொல்லும்மா" என்றாள் மகள்.

அவள் சொல்லத் தெரியாமல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள்.